எடுத்து வளர்த்த பிள்ளை

மாதனூரில் காலை ஷிஃப்டுக்கு ஷூ கம்பெனி பஸ் ஏறும் பெண்களிடம் ‘தத்து’ என்றால் ஏதோ கோர்ட்டு விவகாரம் போலத் தோன்றும். பேச்சில் அது ‘எடுத்து வளர்த்த பிள்ளை’தான். உருது பேசும் வீடுகளில் ‘லே பாலக்’. ‘லே’ என்றால் எடு. ‘பாலக்’ வளர்ப்பைச் சொல்கிறது. இரண்டு மொழியும் வளர்த்தவர் பக்கமே நிற்கின்றன. வடமொழி வழி வந்த ‘தத்து’க்குக் கொடுக்கப்பட்டது என்று பொருள், அது பெற்றவர் பக்கம்.

சட்டத்துக்கு அந்தக் கொடுக்கல் வாங்கல்தான் முக்கியம். 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டப்படி ஹோமம் கட்டாயமில்லை. பெற்றவர் கொடுக்க, எடுப்பவர் வாங்கியிருக்க வேண்டும். பத்திரம் பதிவாகியிருந்தால், பொய் என்று யாரும் நிரூபிக்காதவரை நீதிமன்றம் அதை ஏற்கும். ஆனால், ‘சொந்தத் தம்பி பிள்ளைக்கு எதுக்குப் பத்திரம்?’ என்பார்கள். பாசத்துக்கு நடுவே பத்திரத்தைக் கொண்டுவருவது மரியாதைக் குறைவாம். பாட்டி, பெரியப்பா என்று சாட்சி சொல்ல ஆள் இருக்கும்வரை பத்திரமில்லாத தத்து செல்லும்.

ஷூ கம்பெனி வேலையிலும் தத்துக்குக் கணக்கு உண்டு. இ.எஸ்.ஐ. காப்பீடு தொழிலாளியின் குடும்பத்தில் தத்துப் பிள்ளையையும் சேர்க்கிறது. பி.எஃப். விதி இன்னும் விசித்திரம். ஒரே டேபிளில் மேல்தோல் தைக்கும் இரண்டு பெண்கள் தத்தம் குழந்தையை அக்காவுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அக்காவின் தனிச் சட்டம் தத்தை ஏற்றால், கொடுத்தவளின் குடும்பத்திலிருந்து குழந்தை நீங்கிவிடும். ஆகவே முறைப்படி தத்துக் கொடுத்த இந்துப் பெண்ணின் குழந்தை நீங்கும். முஸ்லிம் பெண்ணின் குழந்தை அவள் குடும்பத்திலேயே இருக்கும்.

முஸ்லிம் தனிச் சட்டம் தத்தை ஏற்காததற்குக் காரணம் பழையது. நபிகள் வளர்த்த ஜைதை முதலில் முஹம்மதின் மகன் என்றே அழைத்தார்கள். பெற்ற தகப்பன் பெயரால் அழையுங்கள் என்று குர்ஆன் வசனம் இறங்கியதும், அவர் மீண்டும் ஹாரிதாவின் மகன் ஆனார். அநாதையை வளர்ப்பது பெரும் நன்மை. வாரிசுப் பங்கு மட்டும் கிடையாது. அதனால்தான் வளர்த்த மகளுக்கு உயிரோடு இருக்கும்போதே ஹிபாவாக, அதாவது கொடையாக, வீட்டை எழுதிவைப்பதுண்டு. வசிய்யத் எனும் உயில் என்றால் பொதுவாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாது.

ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் இன்னொரு கதவைத் திறந்தது: எந்த மதத்தவரும் விரும்பினால் சிறார் நீதிச் சட்டப்படி தத்தெடுக்கலாம். உறவுக்காரர் பிள்ளையையும் இன்று அவ்வழியே எடுக்கலாம். 2022 செப்டம்பர் முதல் அதற்கான உத்தரவைத் தருபவர் மாவட்ட ஆட்சியர்; மாதனூர்க்காரர்களுக்குத் திருப்பத்தூர் ஆட்சியர்.