புற்றரையில் மறைந்திருந்த புதிய இனம்

கண்ணெதிரே நாளும் நிற்கும் பொருளை முற்றும் அறிந்துவிட்டதாகக் கருதுவது மக்களியல்பு. புதிய தாவர இனங்கள் மனிதர் புகாத அடர்வனங்களிலேயே கிடைக்கும் என்னும் எண்ணமும் அவ்வியல்பின் வழிப்பட்டதே. அது பொருந்தாதென்பதை யப்பானிய ஓர்க்கிட் ஒன்றின் வரலாறு காட்டுகின்றது.

யப்பானின் புற்றரைகளிலும் பூங்காக்களிலும் தானே முளைக்கும் சிறு ஓர்க்கிட் ஒன்றுண்டு. அதன் இளஞ்சிவப்பு மலர்கள் தண்டைச் சுற்றித் திருகுபோல் ஏறுதலின், அந்நாட்டார் அதனை 'நெஜிபனா', அஃதாவது திருகுமலர், என்பர். தாவரவியலார் இட்ட பெயர் ஸ்பிரான்தெஸ் ஆஸ்திராலிஸ். யப்பானின் பெருந்தீவுகளில் வளரும் திருகுமலர்கள் யாவும் இவ்வோர் இனமே என நெடுங்காலம் கொள்ளப்பட்டது.

ஆயின், கோபே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கென்ஜி சுயெட்சுகுவும் அவர்தம் குழுவினரும் ஒரு வேறுபாட்டைக் கண்டனர். சில செடிகளின் தண்டில் உரோமம் இல்லை. அவை ஏனையவற்றினும் ஏறக்குறைய ஒரு மாதம் முந்திப் பூத்தன. உரோமமற்ற தண்டு ஸ்பிரான்தெஸ் சைனென்சிஸ் என்னும் பிறிதோர் இனத்துக்கும் உரியது. அவ்வினமோ பெருந்தீவுகளில் வளர்வதாக அறியப்படாதது. அவ்வாறாயின், இச்செடி யாது?

உரோமமின்மை ஒன்றே புதிய இனத்துக்குச் சான்றாகாது. ஓர் இனத்துள்ளேயே செடிக்குச் செடி வேறுபாடு தோன்றுதல் இயல்பு. ஆதலின், ஆய்வாளர் பத்தாண்டுக் காலம் யப்பான், தாய்வான், லாவோஸ் ஆகிய இடங்களின் செடிகளைத் திரட்டி, அவற்றின் உருவத்தையும் டி.என்.ஏ.யையும் ஒப்பிட்டனர். உரோமமற்ற செடி முற்கூறிய இரண்டினும் வேறான தனிவழி வந்தது என்பதை டி.என்.ஏ. உணர்த்திற்று.

அருகருகே வளரும் இரண்டும் கலவாது நின்றமைக்குக் காரணம் யாது? விடை மலரினுள் இருந்தது. ஓர்க்கிட் மலரில் மகரந்தத் திரளுக்கும் குறிக்கும் இடையே மூக்குப்போன்ற சிறு தடுப்பொன்று உண்டு. அஃது உள்ள திருகுமலருக்கு மகரந்தம் கொணரத் தேனீயினத்துப் பூச்சிகள் வேண்டும். புதிய செடியில் அத்தடுப்பு இல்லை. அதனால் அதன் மகரந்தம் அதன் குறியையே தொடுகின்றது. பூச்சியின் துணையின்றியே காய் பிடிக்கின்றது. பூக்கும் காலமும் வேறானமையால் கலப்பு மேலும் அரிதாகின்றது.

இவ்வாறு மூவகைச் சான்றும் ஒருமுகப்பட்ட பின்னரே, 2023ஆம் ஆண்டில் அது புதிய இனமாக வெளியிடப்பட்டது. தோக்கியோ ஆட்சிக்குட்பட்ட ஹச்சிஜோ தீவின் பெயரால் ஸ்பிரான்தெஸ் ஹச்சிஜோயென்சிஸ் எனப் பெயர் பெற்றது.

உருவம் ஐயத்தை எழுப்பிற்று, டி.என்.ஏ. அதனைத் தெளிவித்தது, இனப்பெருக்க முறை அதன் காரணத்தைக் காட்டிற்று. இவற்றுள் ஒன்று குறையினும் முடிபு வலிகுன்றியிருக்கும். பெயரிடப்படாத உயிரை எவரும் எண்ணார். எண்ணப்படாதது அருகி அழியினும் எவரும் அறியார். தாவரங்கள் நெடுங்காலம் நுணுகி ஆராயப்பெற்ற ஒரு நாட்டின் புற்றரையிலேயே ஓரினம் இங்ஙனம் மறைந்திருக்குமாயின், அறிந்தவை என நாம் கடந்து செல்லும் செடிகளையும் மீண்டும் ஒருமுறை உற்று நோக்குதல் தகும்.