திருத்தணிப் பயணமும் இன்சுலின் ஊசியும்

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி செல்லும் நீரிழிவு நோயாளிகள் இன்சுலினை மறவாமல் எடுத்துச் செல்கின்றனர். போட்டு முடித்த ஊசியை எங்கே வைப்பது என்பதை எண்ணுவோர் சிலரே. நாளொன்றுக்கு இருமுறை போடுவோர், அப்படியே திருப்பதிக்கும் சென்று மூன்றாம் நாள் திரும்பினால், ஆறு ஊசிகள் சேர்ந்துவிடும். அவற்றை விடுதியின் குப்பைக்கூடையிலோ இரயில் சன்னல் வழியாகவோ எறிந்துவிடாதீர்கள். முருகன் சன்னிதிக்குச் செல்லும் 365 படிகளில் காவடி சுமப்போர் ஏறுவது வெறுங்காலுடன். குப்பையைக் கையால் அள்ளும் தூய்மைப் பணியாளரின் கண்ணுக்கும் ஊசி தென்படாது. ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. கிருமிகள் ஒரே குத்தலில் பரவ இடமுண்டு. பேனா ஊசி 4 மி.மீ. தானே என்று அலட்சியம் வேண்டாம். தோலைத் துளைப்பதற்கென்றே செய்யப்பட்டது அது.

திருகுமூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் புட்டி ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். துணி துவைக்கும் திரவம் தீர்ந்த புட்டி மிகவும் ஏற்றது. மெல்லிய தண்ணீர்ப் புட்டியை ஊசி துளைத்துவிடும். சிரிஞ்சுக்கு மீண்டும் மூடி பொருத்த முயலாமல் அப்படியே உள்ளே போடுங்கள். கையில் குத்திக்கொள்வது அந்த முயற்சியில்தான் எளிது.

2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டில் பயன்படுத்திய ஊசியையும் அபாயக் கழிவாகவே வகைப்படுத்தின.

பிறர் ஊசி எவருக்கேனும் குத்திவிட்டால், காயத்தைப் பிதுக்காமலும் வாயால் உறிஞ்சாமலும் சோப்பிட்டு ஓடும் நீரில் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் அதை 72 மணி நேரத்திற்குள் தொடங்கியாக வேண்டும். புட்டி முக்கால் பங்கு நிறைந்ததும் மூடியை இறுக்கி, ஊர் திரும்பியபின் நம் ஊசி அறைச் செவிலியரிடம் கொடுத்துவிடலாம்.