வேலை பார்த்துக்கொண்டே டிகிரி: பணம் கட்டும் முன் இந்த 4 கேள்விகளைக் கேளுங்கள்!

இரவு ஒன்பது மணிக்கு மேல் புதுச்சேரி நேரு வீதியில் கடை ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்குகின்றன. சரக்கை அடுக்கிவிட்டு பஸ் பிடிக்க ஓடுபவர்களில் பிளஸ் டூவோடு வேலைக்கு வந்துவிட்டவர்களும் உண்டு. சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளில் ஷிப்ட் பார்க்கும் டிப்ளமோ இளைஞர்களுக்கும் அதே ஏக்கம்தான். ஒரு டிகிரி இருந்தால் பதவி உயர்வு கேட்கலாம், அரசுத் தேர்வு எழுதலாம்.

இந்த ஏக்கத்தைத் தெரிந்துகொண்டுதான் மொபைலுக்கு விளம்பரங்கள் வருகின்றன. 'நாக் ஏ கிரேடு', 'வீட்டிலிருந்தே டிகிரி', 'இன்றே சேர்ந்தால் தள்ளுபடி'. சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கட்டணம் கட்டி, மூன்று வருடம் தூக்கம் கெட்டுப் படித்த பிறகு, 'இந்தப் பட்டத்துக்கு அங்கீகாரம் இல்லை' என்று சொன்னால்?

பக்கத்து ஊர் பாடம்

இது வெறும் பயம் இல்லை. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929-ல் தொடங்கியது. புதுச்சேரி, கடலூர் வட்டாரத்தில் அதன் தொலைதூரக் கல்வியில் படித்தவர்கள் ஏராளம். ஆனால், அதன் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014-15 கல்வியாண்டு வரை மட்டுமே அங்கீகாரம் தரப்பட்டிருந்தது என்று 2022 மார்ச்சில் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. பொது அறிவிப்பு வெளியிட்டது.

பல்கலைக்கழகம் பழையது, பெயர் பெற்றது. சிக்கல் அதில் இல்லை. எந்தப் படிப்பு, எந்த முறை, எந்த ஆண்டு என்பதில்தான் சிக்கல். எனவே நீங்களும் அந்த மூன்றையும்தான் சரிபார்க்க வேண்டும்.

1. இந்தப் படிப்புக்கு இந்த ஆண்டு அனுமதி உண்டா?

'நாக்' கிரேடு என்பது கல்வி நிறுவனத்தின் தரத்துக்கான மதிப்பீடு. தொலைநிலையில் ஒரு படிப்பை நடத்த யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவான 'டெப்' தனியாக அனுமதி தர வேண்டும். ஒன்று இருப்பதால் மற்றதும் இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

'டெப்' இணையதளத்தில் ஆண்டுவாரியாகப் பட்டியல் இருக்கிறது. அதில் உங்கள் படிப்பின் பெயரே இருக்க வேண்டும். அனுமதி பெற்ற படிப்பு என்றால் கவலை வேண்டாம். தொலைநிலை, ஆன்லைன் பட்டங்கள் கல்லூரிக்கு நேரில் போய்ப் பெறும் பட்டத்துக்குச் சமம் என்று 2022 செப்டம்பரிலேயே யு.ஜி.சி. தெளிவுபடுத்திவிட்டது.

2. அது தொலைநிலையில் படிக்கக்கூடிய படிப்புதானா?

பொறியியல், மருத்துவம், நர்சிங், பார்மசி, பிசியோதெரபி, சட்டம், விவசாயம், ஹோட்டல் மேனேஜ்மென்ட், கேட்டரிங் ஆகியவற்றைத் தொலைநிலையில் நடத்த யு.ஜி.சி.யின் 2020 விதிமுறைகள் அனுமதிப்பதில்லை. 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியல், ஊட்டச்சத்து போன்ற படிப்புகளும் இந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டன.

2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம், நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் 2001-05 கல்வியாண்டுகளுக்குப் பிறகு தொலைதூர முறையில் சேர்ந்தவர்களின் பொறியியல் பட்டங்களை ரத்து செய்தது. அதனால் 'தபால்ல பி.டெக்.' என்று யாராவது சொன்னால் விலகிவிடுங்கள். டிப்ளமோ முடித்து வேலை பார்ப்பவர்களுக்கு நேர்வழி இருக்கிறது. வேலை நேரத்துக்கு ஏற்ப வகுப்பு நடத்தும் பொறியியல் படிப்புகளை ஏ.ஐ.சி.டி.இ. 2023-24 முதல் அனுமதித்திருக்கிறது.

3. பணம் யாரிடம் போகிறது?

மாநிலப் பல்கலைக்கழகங்கள் தங்கள் எல்லையைத் தாண்டித் தொலைநிலைக் கல்வி மையம் நடத்த முடியாது. பிரான்சைஸ் கொடுக்கவும் விதியில் இடமில்லை. வட மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயரைப் போட்டு புதுச்சேரியில் 'தொலைநிலைக் கல்வி மையம்' என்று போர்டு இருந்தால் உஷாராகுங்கள். கட்டணத்தைப் பல்கலைக்கழகத்தின் கணக்கில் நேரடியாகச் செலுத்துங்கள்.

காலாப்பட்டில் இருக்கும் புதுவைப் பல்கலைக்கழகமும், 'இக்னோ' எனப்படும் இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் 1985-ல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவானவை. தேடலை இங்கிருந்து தொடங்கலாம். இங்கும் படிப்பின் பெயரைப் பட்டியலில் பார்த்துவிட்டே சேருங்கள்.

4. நேரம் இருக்கிறதா?

விளம்பரங்கள் சொல்லாத கணக்கு இது. ஒரு கிரெடிட் என்றால் சுமார் 30 மணி நேர உழைப்பு. மூன்று வருட டிகிரிக்கு 120 கிரெடிட் என்று வைத்துக்கொண்டால் 3,600 மணி நேரம். அதாவது வாரத்துக்கு 23 மணி நேரம்! எட்டு மணி நேர ஷிப்ட், குழந்தைகள், வீட்டு வேலை என்று இருப்பவர்களுக்கு இது கஷ்டம்.

ஆனால், 'இக்னோ'வில் மூன்று வருட டிகிரியை ஆறு வருடம் வரை நீட்டிக்கலாம். அப்போது வாரத்துக்கு 12 மணி நேரம் போதும். மூன்று வருடத்தில் திணறிப் பாதியில் விடுவதைவிட, ஐந்து வருடத்தில் முடிப்பது நல்லது. சேரும் முன் அதிகபட்சக் கால அவகாசம் எவ்வளவு என்று கேளுங்கள்.

சேரும்போது...

2024 செப்டம்பர் முதல் தொலைநிலை, ஆன்லைன் படிப்புகளில் சேர 'டெப் ஐ.டி.' கட்டாயம். மாணவரே அதை உருவாக்க வேண்டும். 'அதெல்லாம் வேண்டாம், நாங்க பார்த்துக்கிறோம்' என்று சொல்லும் இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

பட்டியலில் உங்கள் படிப்பு இருக்கும் பக்கத்தை, ஆண்டு தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கட்டண ரசீதையும் கூடவே பத்திரப்படுத்துங்கள். பல வருடம் கழித்து சான்றிதழ் சரிபார்ப்பில், 'நீங்க சேர்ந்தப்போ அனுமதி இருந்துச்சா?' என்று கேட்டால், எடுத்துக் காட்ட உங்களிடம் ஆதாரம் இருக்கும்.