உங்களுக்குத் தெரியுமா?
திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய சீனன்குடாவில் இலங்கை விமானப்படையின் பயிற்சிக் கழகம் இருக்கிறது. விமானிக்கு ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது. தான் எங்கே பறக்கிறோம் என்பதும் சரியாகத் தெரிய வேண்டும்.

1974 டிசம்பர் 4. கட்டுநாயக்கவை நோக்கி வந்த மார்ட்டின்ஏர் டிசி-8 விமானம், இடத்தைத் தவறாகக் கணித்து முன்கூட்டியே தாழ்ந்து, மஸ்கெலியா அருகே ஏழு கன்னியர் மலையில் மோதியது. இந்தோனேசிய ஹஜ் யாத்திரிகர்கள் உட்பட 191 பேரும் மாண்டனர். டொப்ளர் கருவியையும் வானிலை ரேடாரையும் நம்பியிருந்ததே இந்தத் தவறான கணிப்புக்கு இடம் தந்தது என்றது விசாரணை.

1977இல் டெனெரீஃப் விமான நிலையத்தில் இரு விமானங்கள் மோதி 583 உயிர்கள் போனபின், தலைமை விமானி தவறினால் துணை விமானி தயங்காமல் சொல்லவும் பயிற்சி வந்தது. இன்று விமானப் பயிற்சிக்கான பாவனைக் கூண்டில் (சிமுலேட்டரில்) 'மேலே எழும்பு' என்று எச்சரிக்கைக் குரல் கேட்டதும், யோசிக்காமல் விமானத்தின் மூக்கை உயர்த்தப் பழக்குகிறார்கள்.