குட்டிக் கார் பந்தயத்துக்குத் தயார்!

மோட்டார் பந்தயம் பணக்காரர் விளையாட்டு என்பார்கள். அது முழு உண்மை அல்ல.

பழைய குட்டிக் காரை மலிவாக வாங்குவார்கள். வீட்டுக் கொட்டகையில் வைத்துப் பிரித்துப் பூட்டுவார்கள். பகலில் வேலை, மாலையில் கையில் ஸ்பானர், ஞாயிற்றுக்கிழமை பந்தயம். இப்படிப்பட்டவர்கள் பல நாடுகளிலும் இருக்கிறார்கள். பரிசுப் பணத்துக்காக அல்ல, ஆசைக்காக ஓட்டுகிறவர்கள் இவர்கள்.

இவர்களில் சிலர் உலகப் புகழ் பெற்றார்கள். அவர்களை வளர்த்து விட்டது ஒரு சின்னஞ்சிறு கார். அதன் பெயர், "ஆஸ்டின் செவன்."

பில்லியர்ட்ஸ் அறையில் பிறந்தது

முதல் உலகப் போர் முடிந்த காலம். இங்கிலாந்தில் நடுத்தரக் குடும்பத்தாருக்குக் கார் எட்டாத கனி. மோட்டார் சைக்கிளின் பக்கத்தில் ஒரு தொட்டியை மாட்டி, அதில் மனைவி மக்களை ஏற்றிச் செல்வார்கள். மழை வந்தால் எல்லாரும் நனைய வேண்டியதுதான்!

இவர்களுக்காக ஒரு சின்னக் கார் செய்ய நினைத்தார், ஹெர்பர்ட் ஆஸ்டின் என்ற தொழிலதிபர். ஸ்டான்லி எட்ஜ் என்ற 18 வயது வாலிபரைத் தம் வீட்டுக்கு அழைத்தார். பில்லியர்ட்ஸ் விளையாடும் அறையில் உட்கார வைத்து, காரின் படங்களை வரையச் சொன்னார்.

1922-ல் கார் வெளிவந்தது. எஞ்சின் விரைவில் 747 சி.சி. ஆயிற்று. இன்றைய மோட்டார் சைக்கிள்கள் சிலவற்றில் இதைவிடப் பெரிய எஞ்சின் இருக்கிறது!

1939 வரை சுமார் 2 லட்சத்து 90 ஆயிரம் கார்கள் செய்யப்பட்டன. அவை பழசானதும் விலை சரிந்தது. பந்தயப் பிரியர்களின் கண் அவற்றின் மேல் விழுந்தது.

தகப்பனும் மகனும்

நியூசிலாந்து நாட்டில் ஆக்லாந்து என்று ஒரு நகரம். அங்கே லெஸ் மெக்லாரன் என்பவர் பெட்ரோல் பங்க்கும், கார் பழுது பார்க்கும் பட்டறையும் நடத்தி வந்தார்.

அவருடைய மகன் புரூஸ். 9 வயதில் இடுப்பு எலும்பில் நோய் வந்தது. சுமார் இரண்டு ஆண்டுகள் படுக்கையே கதி. எழுந்து நடந்தபோது, ஒரு கால் மற்றக் காலைவிடக் குட்டையாக இருந்தது. ஓடி ஆடும் விளையாட்டு இனி எப்படி?

புரூசுக்கு 13 வயது இருக்கும்போது, தகப்பனார் 110 பவுண்டு கொடுத்து ஒரு பழைய ஆஸ்டின் செவனை வாங்கினார். 1929-ல் செய்யப்பட்ட, "அல்ஸ்டர்" என்ற பந்தய வகைக் கார் அது. ஆனால், பாகம் பாகமாகக் கழற்றிய நிலையில் வந்து சேர்ந்தது!

தகப்பனும் மகனும் உட்கார்ந்து அதை ஒன்று சேர்த்தார்கள். கிட்டத்தட்ட ஓர் ஆண்டு பிடித்தது.

முதலில் தகப்பனார் ஓட்டிப் பார்த்தார். திரும்பி வந்தவர், "இது ஆபத்தான வண்டி, விற்றுவிட வேண்டியதுதான்" என்ற முடிவோடு இறங்கினார். பையன் விடவில்லை. கெஞ்சிக் கூத்தாடிக் காரைத் தனதாக்கிக் கொண்டான்.

வீட்டின் பின்புறத்தில், மரங்களுக்கு நடுவே "8" போட்டுப் பழகினான். 1952-ல் முரிவாய் என்ற இடத்தில் நடந்த மலைப் பந்தயத்தில் கலந்து கொண்டான். மலைச்சாலையில் ஒவ்வொரு காராக ஏறும். குறைந்த நேரத்தில் ஏறியதே வெற்றி பெறும். 750 சி.சி. பிரிவில் புரூசுக்கே முதல் இடம்!

முதலில் எடை

குட்டிக் காரைப் பந்தயத்துக்கு எப்படித் தயார் செய்கிறார்கள்?

பெரிய எஞ்சின் வைத்தால் போதும் என்று புதியவர்கள் நினைப்பார்கள். அனுபவசாலிகள் அதில் கை வைப்பது கடைசியில்தான்.

முதல் வேலை, எடையைக் குறைப்பது. பின் இருக்கை, தரைவிரிப்பு, உள் அலங்காரம் எல்லாம் வெளியே போகும். இரண்டு மாடுகள் இழுக்கும் வண்டியில் பாதிப் பாரத்தை இறக்கினால் என்ன ஆகும்? அதே மாடுகள் விரைவாக ஓடும் அல்லவா? இதற்குக் காசு செலவே இல்லை!

அடுத்தது பிரேக். 1930-க்கு முந்திய ஆஸ்டின் செவன் கார்களில், கால் பிரேக் பின் சக்கரங்களை மட்டும் பிடிக்கும். முன் சக்கரங்களுக்குக் கை பிரேக்! நிற்கத் தெரியாத காரை வேகமாக ஓட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பிறகு டயர், ஸ்பிரிங், ஸ்டீரிங். வளைவில் கார் சாயாமல் திரும்ப வேண்டும். நேர்ச்சாலையில் கிடைக்காத நேரத்தை வளைவில் மிச்சம் பிடிக்கலாம்.

கடைசியில்தான் எஞ்சின். எண்ணெய் ஒழுகக் கூடாது. தண்ணீர் கொதிக்கக் கூடாது. பந்தயத்தை முடிக்காத கார் எத்தனை வேகமாக ஓடி என்ன பயன்?

காதலி வீட்டுக் கொட்டகை

1948-ல் லண்டனில், கோலின் சாப்மன் என்ற எஞ்சினீயரிங் மாணவர் இன்னொரு பழைய ஆஸ்டின் செவனைப் பிரித்தார். இடம், அவருடைய காதலி ஹேசலின் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகை. பழைய உடலை எறிந்துவிட்டு, அலுமினியத் தகடு ஒட்டிய ஒட்டுப்பலகையால் புது உடல் கட்டினார். அதுதான் முதல் "லோட்டஸ்" கார்!

இத்தகையவர்களுக்காக "750 மோட்டார் கிளப்" என்ற சங்கம் 1939 முதல் இருந்தது. ஆஸ்டின் செவன் பாகங்களைக் கொண்டே கார் கட்ட வேண்டும் என்ற விதியோடு பந்தயம் நடத்தியது. பணக்காரன் பணத்தைக் கொட்டி ஜெயிக்க முடியாது. மூளைக்குத்தான் வேலை.

சாப்மன் மூளையைக் காட்டினார். ஆஸ்டின் செவனில் 4 சிலிண்டர்களுக்குப் பெட்ரோல் கலவை போக இரண்டே வாய்கள். ஒவ்வொரு வாயையும் தடுப்பு வைத்து இரண்டாகப் பிரித்தார். 1951-ல் அவருடைய கார் மற்றவர்களைத் திணற அடித்தது. சங்கத்தார் விதியை மாற்றி அந்தத் தந்திரத்தைத் தடுத்தார்கள்!

ஒரு மூடியின் விலை

புரூஸ் மெக்லாரனும் வளர்ந்தார். 1959-ல், 22 வயதில், அமெரிக்க கிராண்ட் பிரீ பந்தயத்தில் வென்றார். 1963-ல் தம் பெயரிலேயே பந்தயக் கார் கம்பெனி தொடங்கினார். அதுதான் இன்றைய புகழ் பெற்ற மெக்லாரன்.

1970 ஜூன் 2. இங்கிலாந்தில் குட்வுட் என்ற இடத்தில் ஒரு புதிய காரை ஓட்டிப் பார்த்துக் கொண்டிருந்தார். அதிவேகத்தில் காரின் பின்பக்க மூடி கழன்று போயிற்று. கார் பாதையை விட்டு விலகி மோதியது. மெக்லாரன் அங்கேயே மாண்டார். வயது 32.

எஞ்சின் பழுதில்லை. ஓட்டத் தெரியாதவரும் அல்ல. ஒரு மூடி கழன்றது, அவ்வளவுதான்!

அதனால்தான், சிறிய பந்தயம் ஆனாலும் ஓட விடுமுன் பரிசோதனை நடக்கிறது. பாட்டரி அசையாமல் கட்டியிருக்கிறதா? காருக்குள் கழன்று கிடக்கும் ஸ்பானர் ஏதும் உண்டா? மோதினால் அது குண்டு போலப் பாயும்! இருக்கைப் பட்டை, ஹெல்மெட், தீ அணைக்கும் கருவி, கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் இரும்புக் குழாய்க் கூண்டு என்று பந்தயத்தின் விதிக்கு ஏற்றபடி ஒவ்வொன்றையும் பார்ப்பார்கள்.

குறை இருந்தால் அன்று ஓட்ட முடியாது. மாதக் கணக்கில் உழைத்தவராக இருந்தாலும் சரி, காரைத் திருப்பிக் கொண்டுபோக வேண்டியதுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் உயிரோடு இருப்பார். காரும் தயாராக இருக்கும்.