பெர்மாவை ஏமாற்றிய எண்

பத்து இலக்கங்கள் கொண்ட எண் ஒன்று: 4,294,967,297. பார்வைக்கு இதிலே புதுமை யாதும் இல்லை. ஆயினும், கணித மேதை ஒருவரைத் தவறச் செய்ததும், தொண்ணூற்றிரண்டு ஆண்டுகள் தன் இரகசியத்தைக் காத்து நின்றதும் இவ்வெண்ணேயாகும்.

இது பிறந்த வகையை முதலிற் காண்போம். 2 என்னும் எண்ணை அதனாலேயே பெருக்கினால் 4. நாலை நாலாற் பெருக்கினால் 16. இவ்வாறே தொடர்ந்தால் 256, 65,536 என வளரும். ஒவ்வொன்றுடனும் 1ஐக் கூட்டினால் 3, 5, 17, 257, 65,537 என ஐந்து எண்கள் கிடைக்கும். இவை ஐந்தும் முதன்மை எண்கள். அதாவது 1ஆலும் தம்மாலும் அன்றி வேறெந்த முழு எண்ணாலும் மீதியின்றி வகுபடாதவை. வரிசையில் ஆறாவதாக வருவதே நமது எண்.

பிரான்சு தேசத்துத் தூலூஸ் நகரிலே நீதிமன்றப் பணி புரிந்துகொண்டு, ஓய்வு நேரத்திற் கணிதம் பயின்றவர் பெர்மா. இவ்வரிசை எண்கள் யாவும் முதன்மையானவையே என்று தாம் நம்புவதாக 1640ஆம் ஆண்டிலே அவர் நண்பர்க்கு எழுதினார். நிறுவல் தம்மிடம் இல்லை என்பதையும் அவர் மறைத்தாரல்லர்.

1729இல் கோல்ட்பாக் என்பார் இக்கூற்றினை ஒயிலருக்கு எழுதிக் கேட்டார். 1732இல், இருபத்தைந்து வயதினரான ஒயிலர் விடை கண்டார்: ஆறாவது எண் 641ஆல் மீதியின்றி வகுபடும், ஈவு 6,700,417.

இதனைக் காண எண்ணற்ற வகுத்தல்கள் வேண்டுமோ? வேண்டா. இவ்வெண்ணை வகுக்கும் முதன்மை எண் எதுவாயினும், அது 64இன் மடங்கிலும் ஒன்று கூடியதாகவே இருத்தல் வேண்டும். அத்தகைய முதன்மை எண்கள் முறையே 193, 257, 449, 577, 641. ஐந்தாம் வகுத்தலிலே விடை வந்துவிடுகிறது! இவ்வழிக்கு ஆதாரமாயுள்ள தேற்றமோ, அதே 1640இல் பெர்மாவே கண்டறிந்தது. திறவுகோல் அவர் கையிலேயே இருந்தது. பூட்டைத் திறந்து பார்க்கத்தான் தவறிவிட்டார்.

அவர் கூற்று பொய்த்தமையால் அவ்வெண்கள் பயனற்றுப் போய்விடவில்லை. 1796இல், பதினெட்டு வயதுக் கௌஸ், வரைகோலும் கவராயமும் மட்டுங் கொண்டு ஒழுங்கான பதினேழு கோணியை அமைக்கலாம் என நிறுவியது, 17 இவ்வரிசையைச் சேர்ந்த முதன்மை எண்ணாதலினாலேயே. முதல் ஐந்தைத் தவிர வேறொரு முதன்மை எண் இவ்வரிசையில் இன்றுவரை அகப்படவில்லை. ஆறாவது முதல் முப்பத்துமூன்றாவது வரை யாவும் வகுபடுவன என்பது கணினிகளின் துணையோடு தெளிவாகியுள்ளது.

இரண்டு மூன்று எண்களை இட்டுப் பார்த்துச் சரியெனக் கண்டதும், சூத்திரத்தை நிறுவிவிட்டதாக மகிழும் மாணவர் பலர். அவர்கட்கு இவ்வெண் ஓர் ஆசான். ஐந்து உதாரணங்கள் சேர்ந்தாலும் ஒரு நிறுவல் ஆகா. பெரியோர் வாக்காயினும் சோதித்தே கொள்ளல் வேண்டும். இன்று பிற்பகல் தாளும் பென்சிலும் எடுத்து, 641ஐக் கொண்டு இவ்வெண்ணை வகுத்துப் பாருங்கள். என் சொல்லையும் சோதியாது ஏற்கவேண்டா!