வேதமும் வெடிகுண்டும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் அரசியல் சாசனத்தை முதலிலிருந்து கடைசி வரை படித்தாலும், தேதி குறிக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் ஆண்டவனைப் பற்றிய பேச்சு அகப்படாது. சர்க்கார் உத்தியோகம் எதற்கும் மதச் சோதனை கூடாது என்று அந்தச் சாசனம் விதிக்கிறது. 1791-ம் வருஷத்தில் அதனோடு சேர்க்கப்பட்ட முதல் திருத்தமோ, எந்த மதத்தையும் அரசாங்க மதமாக நிறுவலாகாது, எவருடைய வழிபாட்டையும் தடுக்கலாகாது என்று அறுதியிட்டுக் கூறுகிறது. அப்படியிருந்தும், மேனாட்டுக் குடியரசுகளில் அரசியல் மேடையின்மீது வேத வசனம் மிகுதியாக ஒலிப்பது அந்தத் தேசத்தில்தான்.

நம் வாசகர்கள் அமெரிக்கக் கிறிஸ்துவத்தை வேறொரு முகத்தில் அறிந்தவர்கள். 1834-ல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனையும், வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் தொடங்கிய வைத்தியசாலையையும் நன்றியுடன் நினைப்பவர்கள் நம்மில் ஏராளம். அந்தப் பாதிரிமார்களின் சொந்த நாட்டில், அதே வேத புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, படைபலம், அணு ஆயுதம், எல்லைக் காவல், அந்நிய தேசத்து யுத்தம் ஆகியவற்றைப் பற்றி நாள்தோறும் தீர்ப்புக் கூறும் ஒரு பெருங் கூட்டம் இருக்கிறது. அவர்களுக்கு வானொலி நிலையங்கள் உண்டு, தொலைக்காட்சி உண்டு, பத்திரிகைகள் உண்டு. பழைமையில் பற்றுள்ள கிறிஸ்துவர்கள் என்று அவர்களை அழைக்கலாம். அவர்களுடைய அபிப்பிராயம் அந்நாட்டுத் தேர்தல்களைத் தீர்மானிக்கிறது. தேர்தல்களோ உலகத்தின் யுத்தத்தையும் சமாதானத்தையும் தீர்மானிக்கின்றன. ஆகையால் அந்தக் குரலின் வரலாற்றை நாமும் அறிந்திருப்பது அவசியமாகிறது.

கூடாரத்தில் ஒரு குரல்

1949-ம் வருஷம் செப்டம்பர் 23-ந் தேதி, ருஷ்யா அணுகுண்டை வெடித்துவிட்டது என்ற செய்தியை ஜனாதிபதி ட்ரூமன் உலகுக்கு அறிவித்தார். அமெரிக்க மக்கள் திகைத்துப் போனார்கள். இரண்டே நாள் கழித்து, லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்தில் ஒரு பெரிய கூடாரத்தில் முப்பது வயதுப் பிரசங்கி ஒருவர் பேச எழுந்தார். அவர்தாம் பில்லி கிரஹாம். மூன்று வாரம் நடப்பதாக இருந்த கூட்டம் எட்டு வாரம் நீடித்தது. சுமார் மூன்றரை லட்சம் ஜனங்கள் வந்து கேட்டார்கள்.

ருஷ்யாவின் குண்டைப் பற்றி அவர் பேசினார். ஆனால் அவர் விரலை நீட்டியது ருஷ்யாவை நோக்கி மட்டும் அல்ல. மனந்திரும்பாத நகரத்துக்கு என்ன நேரும் என்று பழைய தீர்க்கதரிசிகள் எச்சரித்தது போலவே, எதிரே உட்கார்ந்திருந்த ஜனங்களையே அவர் எச்சரித்தார். பயம் வெளியிலிருந்து வந்தது. திருந்த வேண்டியவர்கள் உள்ளே இருந்தார்கள். இந்த நுட்பத்தை நாம் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சில வருஷங்களில் நிலைமை மாறிற்று. 1954 பிப்ரவரியில் வாஷிங்டன் நகரத்து ஆலயம் ஒன்றில் ஜார்ஜ் டோகர்ட்டி என்ற போதகர், ஜனாதிபதி ஐஸன்ஹோவர் எதிரிலேயே, கொடிக்குச் செய்யும் விசுவாசப் பிரமாணத்தில் ஆண்டவன் பெயர் இல்லாதிருப்பதைக் குறையாக எடுத்துக் காட்டினார். ஜூன் மாதத்திற்குள் அது சட்டமாகிவிட்டது. 1956-ல் 'ஆண்டவனை நம்புகிறோம்' என்பது தேசத்தின் குறிமொழியாயிற்று. நாத்திக ருஷ்யாவுக்கு எதிரே ஆஸ்திக அமெரிக்கா நிற்கிறது என்பதே இதன் தாத்பரியம். கூடாரத்தில் நீதிபதியாக வந்த கடவுளைச் சர்க்கார் சேனாதிபதியாக நியமித்துக்கொண்டது என்று சொன்னால் மிகையாகாது.

மூன்று ஆதாரங்கள்

இந்தக் கிறிஸ்துவர்கள் தேசப் பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது மூன்று ஆதாரங்களைக் கையாளுகிறார்கள். ஒன்று, அரசன் பட்டயத்தை வீணாகத் தரிக்கவில்லை, தீமையைத் தண்டிக்கக் கடவுள் அவனை நியமித்திருக்கிறார் என்று ரோமருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் அப்போஸ்தலர் தரும் போதனை. இரண்டாவது, அகஸ்தீன் முனிவர் காலத்திலிருந்து வளர்ந்து வந்த தர்ம யுத்தக் கொள்கை. காரணம் நியாயமாக இருக்க வேண்டும். உரிய அதிகாரி அறிவிக்க வேண்டும். வேறு வழியெல்லாம் அடைபட்ட பின்பே வாளை எடுக்க வேண்டும். விளையும் தீமை நன்மையை மிஞ்சலாகாது என்பன அதன் விதிகள்.

மூன்றாவது, தீர்க்கதரிசனம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் டார்பி என்ற பிரிட்டிஷ் போதகர் வகுத்த முறைப்படி, இஸ்ரவேலர் தங்கள் தேசத்துக்குத் திரும்பி வருவதும் அங்கே ஒரு பெரும் போர் மூளுவதும் உலக முடிவின் அடையாளங்கள். 1909-ல் வெளியான ஸ்கோபீல்டின் குறிப்புரை வேதாகமம் இக் கொள்கையை அமெரிக்க வீடுகளில் பரப்பிற்று.

முதல் இரண்டு ஆதாரங்களும் விவாதத்துக்கு இடம் கொடுப்பவை. காரணம் நியாயந்தானா, வழியெல்லாம் அடைபட்டதா என்று கேட்கலாம். மூன்றாவதில் கேள்விக்கு இடம் குறைவு. முன்பே எழுதப்பட்டுவிட்ட போரைத் தடுக்க எவன்தான் முயல்வான்?

ஆர்லாண்டோ மகாநாடு

1979-ல் வர்ஜீனியா மாகாணத்துப் பாப்டிஸ்ட் போதகர் ஜெர்ரி பால்வெல், 'ஒழுக்கப் பெரும்பான்மை' என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கினார். கருச்சிதைவு, குடும்ப ஒழுக்கம் ஆகியவற்றோடு, பலமான படையும் இஸ்ரேலுக்கு ஆதரவும் அதன் கொள்கைகளில் இடம் பெற்றன.

அச் சமயத்தில் அணு ஆயுதப் பெருக்கத்தை அப்படியே நிறுத்திவைக்க வேண்டும் என்ற கிளர்ச்சி அமெரிக்காவில் ஓங்கியிருந்தது. 1982 ஜூன் மாதத்தில் நியூயார்க் பூங்கா ஒன்றில் சுமார் பத்து லட்சம் பேர் அதற்காகக் கூடினார்கள். மறு வருஷம் மார்ச் 8-ந் தேதி, புளோரிடா மாகாணத்து ஆர்லாண்டோ நகரத்தில் நற்செய்திச் சபையார்களின் மகாநாட்டில் ஜனாதிபதி ரீகன் பேசினார். ருஷ்ய ஏகாதிபத்தியத்தைத் 'தீய சாம்ராஜ்யம்' என்று அவர் வர்ணித்தது அந்தப் பேச்சில்தான். நன்மைக்கும் தீமைக்கும் நடக்கும் போராட்டத்தில் இரு தரப்பாரும் சமமான குற்றவாளிகள் என்று சொல்லி ஒதுங்கி நிற்பது அகந்தையாகும் என்று போதகர்களுக்கு அவர் எச்சரிக்கை செய்தார். ஆயுத நிறுத்தக் கிளர்ச்சிக்கு இணங்க வேண்டாம் என்று வேண்டிக்கொண்டார். அதே பேச்சில் அமெரிக்காவும் தன் பழைய தீமைகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்று நிற வேற்றுமையைச் சுட்டி அவர் கூறிய பகுதியும் உண்டு. உலகம் முதலாவதை நினைவில் வைத்துக்கொண்டது, இரண்டாவதை மறந்துவிட்டது.

இரண்டு மாதத்திற்குள், அதே வேதத்தைப் படித்த அமெரிக்கக் கத்தோலிக்க மேற்றிராணிமார்கள் 238-க்கு 9 என்ற வாக்குக் கணக்கில் ஒரு நிருபத்தை நிறைவேற்றினார்கள். அணு ஆயுதத்தை முந்திப் பிரயோகிப்பதற்கு எவ்வித நியாயமும் இல்லை என்று அந்த நிருபம் கூறிற்று. கூடாரத்துப் பிரசங்கி கிரஹாமோ, 1982-லேயே மாஸ்கோ சென்று, அணு ஆயுதங்களை எல்லாத் தேசங்களும் ஒழிக்க வேண்டும் என்று பேசிவிட்டார். அதற்காகச் சொந்த நாட்டில் ஏச்சும் கேட்டார். வேதம் ஒன்று, அதிலிருந்து பிறந்த தீர்ப்புகளோ வேறு வேறு.

ஆர்லாண்டோவில் கூடியவர்களைக் குறை மட்டும் கூறுவது நியாயமாகாது. ருஷ்யச் சிறைகளில் விசுவாசத்துக்காக வாடியவர்களை உலகம் மறந்திருந்தபோது, அவர்கள் பெயரைச் சொல்லி ஓயாமல் முறையிட்டவர்கள் இவர்களே. 1998-ல் சர்வதேச மத சுதந்திரச் சட்டம் நிறைவேறியதற்கும் இவர்கள் முயற்சி முக்கிய காரணம். தீமை என்பது வெறும் கற்பனையல்ல, அதை எதிர்த்து நிற்கச் சிலசமயம் பலமும் தேவை என்ற அவர்கள் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

ஐவர் கையெழுத்திட்ட கடிதம்

ஆனால் அந்த வாதம் கைமீறிப் போன இடமும் உண்டு. 2002 அக்டோபர் 3-ந் தேதி, தென்னாட்டுப் பாப்டிஸ்ட் சபையின் ஒழுக்கத் துறைத் தலைவர் ரிச்சர்ட் லாண்டும் இன்னும் நான்கு கிறிஸ்துவத் தலைவர்களும் ஜனாதிபதி புஷ்ஷுக்கு ஒரு கடிதம் அனுப்பினார்கள். ஈராக்கின்மீது படையெடுப்பது தர்ம யுத்த விதிகளுக்குப் பொருத்தமானதே என்று அவர்கள் எடுத்துக் காட்டினார்கள். போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் இதற்கு நேர்மாறான அபிப்பிராயம் கொண்டிருந்தார். 2003 மார்ச்சில் கார்டினல் பியோ லாகியை வாஷிங்டனுக்கு அனுப்பி, யுத்தம் வேண்டாம் என்று ஜனாதிபதியிடம் நேரில் சொல்லச் செய்தார். பயனில்லை. அந்த மாதமே குண்டுகள் விழத் தொடங்கின.

எந்தப் பேரழிவு ஆயுதங்களுக்காக யுத்தம் தொடுக்கப்பட்டதோ அவை அகப்படவில்லை. அமெரிக்கப் போர்வீரர் 4,400 பேருக்கு மேல் மாண்டார்கள். ஈராக்கியரில் உயிரிழந்தவர்கள் லட்சத்துக்கு மேல்.

இவற்றையெல்லாம் பத்திரிகைகள் எழுதிவிட்டன. அதிகம் எழுதப்படாத செய்தி ஒன்று உண்டு. ஈராக்கில் கிறிஸ்துவ மதம் நேற்று வந்ததல்ல. ஏசுநாதர் பேசிய அரமேய மொழியின் கிளைமொழிகளை வீட்டிலும் வழிபாட்டிலும் இன்றளவும் வழங்கிவரும் கால்தேய, அஸீரியச் சபைகள் அங்கே தொன்றுதொட்டு இருந்துவருகின்றன. யுத்தத்துக்கு முன் அவர்கள் தொகை பத்து லட்சத்துக்கு மேல் என்பது பொதுவான மதிப்பு. அரசாங்கம் சரிந்ததும் அவர்களைக் காப்பார் இல்லை. 2010 அக்டோபர் 31-ந் தேதி பாக்தாத் நகரத்து மாதா கோயிலில், ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டின்போது புகுந்த பயங்கரவாதிகளால் ஐம்பதுக்கு மேற்பட்டோர் மடிந்தார்கள். 2014 ஜூலையில் மோசூல் நகரத்துக் கிறிஸ்துவர்களை நோக்கி, மதம் மாறு, வரி கொடு, அல்லது ஓடிப்போ, இல்லையேல் வாளுக்கு இரையாவாய் என்று 'இஸ்லாமிய ராஜ்யம்' என்ற கூட்டம் கெடு வைத்தது. அவர்கள் வீட்டுச் சுவர்களில் அடையாள எழுத்து எழுதப்பட்டது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, உடுத்திய துணியோடு அவர்கள் வெளியேறினார்கள். இன்று அந்த நாட்டில் எஞ்சியுள்ள கிறிஸ்துவர்கள் இரண்டு மூன்று லட்சத்துக்குள்தான் என்று மதிப்பிடுகிறார்கள்.

அடைக்கலம் தேடி அமெரிக்கா சென்றவர்களின் கதையும் முழுவதும் இனிதாக முடியவில்லை. 2017 ஜூனில், பழைய குற்றத் தீர்ப்புகளைக் காரணம் காட்டி, டெட்ராயிட் சுற்றுப்புறத்தில் நூற்றுக்கு மேற்பட்ட ஈராக்கியர்களை நாடு கடத்துவதற்காகக் கைது செய்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் கால்தேயக் கிறிஸ்துவர்கள். கைது செய்வித்த அரசாங்கமோ, வெள்ளைக்கார நற்செய்திச் சபையாரில் பத்தில் எட்டுப் பேர் வாக்களித்து ஏற்படுத்தியது. கடிதம் எழுதிய ஐவரும் தீயவர்கள் அல்லர். ஆனால், விளையும் தீமை நன்மையை மிஞ்சுமா என்ற கேள்வியை, மோசூல் நகரத்து மாதா கோயிலில் முழந்தாளிட்டிருந்தவனைக் கேட்டுவிட்டு அவர்கள் எழுதியிருக்கலாகாதா?

வானத்துக் குரல்

2018 மே 14-ந் தேதி அமெரிக்கத் தூதராலயம் ஜெருசலேம் நகரத்துக்கு மாறியபோது, தொடக்கப் பிரார்த்தனையையும் முடிவுப் பிரார்த்தனையையும் செய்தவர்கள் டெக்ஸாஸ் மாகாணத்துப் போதகர்கள் இருவர். ராஜ்ய தந்திரமும் தீர்க்கதரிசனமும் ஒரே மேடையில் அமர்ந்தன.

2025 ஜூனில் இஸ்ரேலுக்கும் ஈரானுக்கும் போர் மூண்டது. இஸ்ரேலிலிருந்த அமெரிக்கத் தூதர் ஹக்கபீ, பாப்டிஸ்ட் போதகராக இருந்தவர். அவர் ஜனாதிபதி டிரம்புக்கு ஒரு செய்தி அனுப்பினார். டிரம்ப் அதை ஊரறிய வெளியிட்டார். 1945-ல் ட்ரூமனுக்குப் பிறகு இத்தகைய நிலையில் எந்த ஜனாதிபதியும் நின்றதில்லை என்றும், பல குரல்களுக்கு நடுவே வானத்திலிருந்து வரும் குரல் ஒன்றே முக்கியம் என்றும் அதில் கண்டிருந்தது. 1945 என்றால் ஹிரோஷிமா என்பதை வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சில நாளில், ஒவ்வொன்றும் 30,000 ராத்தல் எடையுள்ள 14 குண்டுகள் ஈரானின் அணுசக்தி நிலையங்கள்மீது விழுந்தன.

அதே வாரத்தில் நடந்த ஒரு சம்பாஷணை மிகவும் கவனிக்கத்தக்கது. டெக்ஸாஸ் செனட்டர் டெட் க்ரூஸும், பேச்சாளர் டக்கர் கார்ல்சனும் சந்தித்தார்கள். இருவரும் கிறிஸ்துவர்கள், இருவரும் ஒரே கட்சிக்கு வேண்டியவர்கள். இஸ்ரேலை ஆசீர்வதிப்பவர்கள் ஆசீர்வாதம் பெறுவார்கள் என்று ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் கற்றதாகச் செனட்டர் சொன்னார். அந்த வசனம் வேதத்தில் எங்கே வருகிறது என்று மற்றவர் கேட்டார். செனட்டருக்கு அது நினைவில் இல்லை. ஈரானின் ஜனத்தொகை எவ்வளவு என்றும் கேட்டார்; அதுவும் தெரியவில்லை. சுமார் ஒன்பது கோடி மக்கள் வாழும் நாடு அது! இந்தக் கூட்டத்தார் எல்லோரும் ஒரே குரலில் பேசுவதில்லை என்பதற்கும், குண்டு போடுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் எவ்வளவு எளியவை என்பதற்கும் இதுவே சான்று.

நாத்தானைப் போன்ற ஒருவன்

மதம் அரசியலைத் தொடவே கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. தாவீது ராஜா பிறன் மனைவியைக் கவர்ந்து, அவள் கணவனைப் போர்முனையில் சாகவிட்டபோது, நாத்தான் தீர்க்கதரிசி அரண்மனைக்குள் நுழைந்து, ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பறித்த செல்வனின் கதையைச் சொல்லி, அந்தச் செல்வன் நீதான் என்று அரசன் முகத்துக்கு எதிரே கூறினான். அதுவும் அரசியல் பிரசங்கந்தான். ஆனால் அது பகைவன் அரசனைப் பற்றியதல்ல. தன் அரசனைப் பற்றியது.

பழைமைக் கிறிஸ்துவர்களுக்குள்ளும் நாத்தான்கள் இல்லாமற் போகவில்லை. பில்லி கிரஹாம் 1956-ல் தோற்றுவித்த பத்திரிகையின் ஆசிரியர் மார்க் காலி, 2019 டிசம்பரில், ஜனாதிபதி டிரம்பைப் பதவியிலிருந்து நீக்க வேண்டும் என்று தலையங்கம் எழுதினார். சொந்த வாசகர்களே சீறினார்கள். கிரஹாமின் குமாரரும் கண்டித்தார். அந்த அபிப்பிராயம் சரியா தவறா என்பது வேறு விஷயம். தன் வீட்டாரை நோக்கிப் பேசும் நெஞ்சுரம் அதில் இருந்தது என்பதை மறுக்க முடியாது.

இடித்துரைக்கும் துணையில்லாத அரசனைக் கெடுக்கப் பகைவன் வேண்டியதில்லை என்பது வள்ளுவர் காட்டிய உண்மை. தேசப் பாதுகாப்பைப் பற்றி இதைவிட ஆழ்ந்த வார்த்தையை எந்தச் சேனாதிபதியும் சொன்னதில்லை. வாஷிங்டனுக்கு மட்டும் உரியதல்ல இது. எந்தத் தேசத்திலும், எந்தச் சமயத்தின் பெயராலும், கோயிலிலிருந்து வரும் குரல் ஆள்வோர் செவிக்கு இனிக்க இனிக்க ஒலிக்கிறதென்றால், அங்கே அரசனுக்கும் ஆபத்து, கோயிலுக்கும் ஆபத்து. அந்த ஆபத்துக்கு முதலில் விலை கொடுப்பவர்கள் மோசூல் நகரத்து ஏழைகளைப் போன்றவர்கள் என்பதை நாம் மறவாதிருப்போமாக.